மின்னலைக் கேட்கும் பெட்டியும் தெற்கே ஒரு கோபுரமும்

கோவில்பட்டியில் என் வீட்டில் மின்னல் உணரி வைத்திருக்கிறேன் என்று சொன்னால், மொட்டைமாடியில் இடிதாங்கி மாதிரி ஏதோ கம்பி நட்டிருப்பேன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். "அது இடியை இழுத்துக்கிட்டு வந்துராதா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். மாடியில் ஒன்றுமே இல்லை. மாடிப்படி முடியும் இடத்தில் தட்டுமுட்டுச் சாமான் போடும் சின்ன அறை இருக்கிறது. அங்கே பழைய டிரங்குப் பெட்டி கிடந்த மூலையில், மரப்பலகை மேல் இரண்டு பிவிசி குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. அதுதான் ஆண்டெனா. பக்கத்தில் கையடக்கமாக ஒரு பெட்டி, ஒரு நெட்வொர்க் கேபிள், ஜன்னல் ஓரம் ஒட்டிய ஜிபிஎஸ் வில்லை. நிலையம் அவ்வளவுதான். டிரங்குப் பெட்டியை மட்டும் வேறு அறைக்கு மாற்றிவிட்டேன். ஆண்டெனா பக்கத்தில் தகரம் இருக்கக் கூடாது.

மின்னல் வெட்டும்போது நமக்குத் தெரிவது வெளிச்சமும் சத்தமும். கூடவே ரேடியோ அலையும் கிளம்புகிறது. ஏஎம் ரேடியோவில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. எங்கேயோ மேகம் கூடினால் பாட்டுக்கு நடுவே 'கர்ர்க்' என்று விழும். 1895-ல் ரஷ்யாவில் அலெக்சாந்தர் போபோவ் செய்து காட்டிய கருவியும் இந்த அலையைப் பிடித்துத்தான் மணி அடித்தது. ஆனால் மின்னலின் ரேடியோ சக்தி அதிகம் இருப்பது ஏஎம் பகுதியில் இல்லை. அதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு கீழே, 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம். இந்த அலைகள் தரைக்கும், மேலே மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கான அயனமண்டலத்துக்கும் நடுவில் முட்டி முட்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். 10 கிலோஹெர்ட்ஸில் அலைநீளமே 30 கிலோமீட்டர் என்பதால் செங்கல் சுவரெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. அதனால்தான் ஆண்டெனாவை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடிகிறது.

நான் சேர்ந்த வலையமைப்பின் பெயர் ப்ளிட்சோர்டுங். ஜெர்மனியில் டுசெல்டார்ஃப் நகரப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பேராசிரியர் எகோன் வான்கே தொடங்கியது. உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஆர்வலர்கள் தங்கள் கைக்காசில் ஒரு பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு துடிப்பைக் கேட்டதும் அதன் அலைவடிவத்தையும், அது வந்த நேரத்தையும் மைய சர்வருக்கு அனுப்புகிறது. நேரத்தை ஜிபிஎஸ் தருகிறது. ரேடியோ அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். ஒரு மின்னல் என் பெட்டிக்கு இந்த நேரத்தில், கொழும்பில் ஒரு பெட்டி இருந்தால் அதற்கு இத்தனை மைக்ரோ நொடி தாமதமாக என்று வந்தால், அந்த வித்தியாசத்துக்குப் பொருந்தும் இடங்களை எல்லாம் வரைபடத்தில் ஒரு வளைகோடாகப் போட்டுவிடலாம். இன்னொரு நிலையத்தோடு இன்னொரு கோடு. கோடுகள் வெட்டும் இடத்தில் மின்னல். கணக்குப்படி மூன்று, நான்கு நிலையம் இருந்தாலே இடம் கிடைத்துவிடும். நடைமுறையில் அதற்கும் மேல் வேண்டும், அதுவும் மின்னலைச் சுற்றி நாலாபக்கமும் வேண்டும். ஒரே பக்கத்தில் எல்லா நிலையமும் இருந்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடிப் புள்ளி இழுபட்டுவிடும். ஐரோப்பாவில் நிலையங்கள் நெருக்கமாக இருக்கின்றன. நம் பக்கம் வரைபடத்தைப் பார்த்தால் வெறிச்சென்று இருக்கும். நான் சேர்ந்ததற்குக் காரணமே அந்த வெற்றிடம்தான்.

இதற்கு முன் ஏஎஸ்3935 என்ற சிப்பை வைத்து விளையாடியிருக்கிறேன். ஆர்டுயினோ என்ற சின்ன கணினிப் பலகையில் செருகினால் மின்னல் வந்ததா, எவ்வளவு தூரம் என்று சொல்லும். 500 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கேட்கும், 40 கிலோமீட்டர் வரை தூரத்தைப் படிப்படியாகக் காட்டும். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான சாமான். ஆனால் அது காட்டும் தூரம் அளந்த தூரம் அல்ல. துடிப்பின் பலத்தை வைத்துப் போடும் மதிப்பீடு. திசையும் தெரியாது. மேற்கே குற்றாலம் மலைப் பக்கமா, கிழக்கே தூத்துக்குடிக் கடல் பக்கமா என்று கேட்டால் கையை விரித்துவிடும். ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு அவ்வளவுதான் முடியும். அந்தச் சிப் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: கூடவே வரும் குட்டி ஆண்டெனா 500 கிலோஹெர்ட்ஸுக்குச் சரியாக ட்யூன் ஆகியிருக்க வேண்டும். மூன்றரை சதவீதத்துக்கு மேல் விலகினால் அது சொல்வதை நம்ப முடியாது. விலை குறைவான பலகைகளில் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

சரி, ப்ளிட்சோர்டுங் பெட்டியை நாமே கட்டுவதற்கான கிட்டுக்குப் பணம் அனுப்பும் முன் ஒரு வேலை செய்தேன். இதில் இறங்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மோட்டார் வைண்டிங் கடையில் எனாமல் கம்பி கொஞ்சம் எடை போட்டு வாங்கி, ஒரு மீட்டர் சதுரத்துக்கு மரச்சட்டம் அடித்து, அதில் இருபது சுற்று சுற்றினேன். இரண்டு முனைகளையும் மெல்லிய ஷீல்டு ஒயரில் சேர்த்து, யுஎஸ்பி சவுண்ட் கார்டின் மைக் துளையில் செருகினேன். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும், பேட்டரியில்தான் ஓட வேண்டும். சவுண்ட் கார்டு நொடிக்கு 48,000 முறை சிக்னலை அளந்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்கலாம். ஸ்பெக்ட்ரம் லேப் என்ற இலவச மென்பொருளில் அருவி மாதிரி படம் ஓடும். நமக்கு வேண்டிய பகுதி முழுவதும் அதில் வந்துவிடுகிறது. சில நூறு ரூபாயில் உங்கள் வீடு இந்த வேலைக்கு ஆகுமா ஆகாதா என்பது தெரிந்துவிடும்.

இரவு பத்து மணிக்கு மேல் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். பகலில் மின்னல் வெறும் 'டிக்', 'படக்' என்றுதான் விழும். இரவில் நடுநடுவே 'ட்யூங்' என்று, கம்பியைச் சுண்டினதுபோல ஒரு ஒலி வரும். ட்வீக் என்பார்கள். இரவில் அயனமண்டலத்தின் கீழ்ப்படலம் கரைந்துவிடுவதால் அலைகள் குறைந்த இழப்போடு வெகுதூரம் வருகின்றன. வரும் வழியில் 1.7 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி பின்தங்கிவிடுகிறது. மேல் அதிர்வெண் முதலில் வந்து, கீழ் அதிர்வெண் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்வதால் அந்த இழுவை. வானம் நட்சத்திரமாகத் தெளிந்து கிடக்கும் கரிசல் காட்டு ராத்திரியில், எங்கோ சுமத்ரா பக்கமோ அரபிக்கடலிலோ வெட்டும் மின்னலைக் காதால் கேட்பது தனி சுகம்.

இனி அந்தத் திரையில் தெரிந்த இன்னொன்று. 18.2 கிலோஹெர்ட்ஸில் தடித்த கோடு ஒன்று. கொஞ்சம் மேலே 19.8-ல் மெல்லிய கோடு ஒன்று. மெல்லியது ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில் உள்ள கடற்படை ஒலிபரப்பு. அவ்வளவு தூரத்திலிருந்து இங்கே எட்டிப் பார்க்கிறது. தடித்தது நம்ம ஊர். நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் என்ற கடற்படைத் தளம் 1990 முதல் இருக்கிறது. நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் நிலையம். தாழ்ந்த அலைவரிசைதான் கடல் நீருக்குள் சில மீட்டராவது இறங்கும், அதனால் அவர்களும் மின்னல் இருக்கும் அதே பகுதியில் ஒலிபரப்புகிறார்கள். நாங்குநேரி பக்கம் போகிறவர்கள் அந்த உயர்ந்த கம்பங்களைத் தொலைவிலேயே பார்த்திருப்பார்கள். என் வீட்டிலிருந்து நேர்கோட்டில் சுமார் 85 கிலோமீட்டர். வெளிநாட்டு ஆர்வலர்கள் எழுதும் குறிப்புகளில் எல்லாம் 'உங்கள் தொலைக்காட்சியை அணைத்துப் பாருங்கள்' என்று இருக்கும். இதை அணைக்க யாரிடம் போய்க் கேட்பது?

நல்லவேளையாக மின்னல் அதைவிட முரடு. நூறு, இருநூறு கிலோமீட்டருக்குள் வெட்டும் மின்னலின் துடிப்பு விஜயநாராயணத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். சிக்கல் வெகுதூர மின்னல்களில்தான். பெட்டி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. சிக்னல் அதைத் தாண்டினால்தான் பதிவு. ஓயாமல் ஓடும் 18.2 அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டே இருந்தால், பெட்டி நொடிக்கு நொடி 'மின்னல், மின்னல்' என்று கூவும். ஒரு அளவுக்கு மேல் கூவினால் நிலையம் இடையூறு நிலைக்குப் போய்விடும். கூச்சல் அடங்கும்வரை அது அனுப்புவது கணக்கில் சேராது. வரம்பை ஏற்றினால் கூச்சல் நிற்கும், ஆனால் தூரத்து மின்னலும் போய்விடும். நிலையங்கள் குறைவான நம் பகுதியில் தூரத்தைக் கேட்பதுதான் உதவி. அதனால் அப்படி விட்டுவிட மனம் வரவில்லை.

பிவிசி குழாய்க்குள் இருப்பது ஃபெரைட் தண்டு, கம்பி சுற்றிய காந்தப்பொருள் தண்டு. இந்த ஆண்டெனாவுக்கு ஒரு குணம் உண்டு. தண்டின் முனை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையிலிருந்து வரும் அலை அதன் காதில் விழாது. பக்கவாட்டில் வருவது நன்றாக விழும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திருப்பித் திருப்பி வைத்து நிலையம் பிடித்தது இந்தக் குணத்தால்தான். நெட்வொர்க்குக்கு இரண்டு தண்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தாக வேண்டும். வழக்கமாக ஒன்றை வடக்கு தெற்காகவும் மற்றதைக் கிழக்கு மேற்காகவும் வைப்பார்கள். நான் முதல் தண்டின் முனையை நேராக விஜயநாராயணத்தைப் பார்க்க வைத்தேன். கோவில்பட்டியிலிருந்து அது தெற்கிலிருந்து மேற்கே சுமார் எட்டு டிகிரி சாய்வில் இருக்கிறது. மொபைல் காம்பஸை வைத்து ஏறக்குறையத் திருப்பிவிட்டு, அப்புறம் திரையில் 18.2 கோடு மங்கும்வரை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். ஒரு டிகிரி, இரண்டு டிகிரிக்குள் கோடு சட்டென்று மங்கிவிடும். அதைத் தாண்டினால் மறுபடி எழும். சிக்கிய இடத்தில் குழாயைக் கயிற்றால் கட்டிவிட்டேன். இரும்பு கிளாம்பு போடக் கூடாது.

இப்போது அந்தத் தண்டு சுத்தமாக இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை, கேரளம், அரபிக்கடல் ஒரு பக்கம், மன்னார் வளைகுடா, இலங்கை மறுபக்கம் என்று கிழக்கு மேற்கில் வெகுதூரம் கேட்கிறது. அதற்குக் கொடுத்த விலை வடக்கு. தெற்கே செவிடு என்றால் அதற்கு எதிரே வடக்கிலும் செவிடுதான். திண்டுக்கல், சேலம் அந்தக் கோட்டில் விழுகின்றன. அந்தப் பக்க மின்னலை இரண்டாவது தண்டு பார்த்துக்கொள்கிறது, அதில் 18.2 முழு பலத்தோடு ஏறுவதால் சிக்னல் பெருக்கத்தை (கெயினை) குறைத்து வைத்திருக்கிறேன். அந்தத் திசையில் பக்கத்து மின்னல் மட்டும்தான் வரும். போகட்டும். எங்களுக்கு மேகம் கூடுவது பெரும்பாலும் மேற்கே மலையில்தான்.

18.2-ஐ மட்டும் வெட்டி எறியும் வடிகட்டி போடலாமே என்று கேட்கலாம். போட முடியும். 10 மில்லிஹென்றி காயிலோடு 6.8 நானோஃபாரட், 820 பிகோஃபாரட் கண்டென்சர்களை இணையாகச் சேர்த்தால் கிட்டத்தட்ட அந்த இடத்தில் வந்து உட்காரும். மேசையில் கட்டிப் பார்த்தேன், கோடு நன்றாகவே அடங்கியது. ஆனால் குறுகிய வடிகட்டி எதுவானாலும் ஒரு அடி விழுந்தால் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். கூர்மையாக வந்த மின்னல் துடிப்புக்குப் பின்னால் வால் முளைத்துவிடுகிறது. மைக்ரோ நொடிக் கணக்கில் நேரம் அளக்கும் வேலைக்கு இந்த வால் ஆகாது. அதனால் அதை நிலையத்தில் பொருத்தவில்லை. வடிகட்டியைவிடத் திசை மலிவு, சுத்தம்.

கிட் கட்டியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் கட்டியது ரெட் என்ற தலைமுறை. அதன் மூளை எஸ்டிஎம்32எஃப்4 டிஸ்கவரி என்ற பலகை, எளிதில் கிடைப்பது. பிறகு ப்ளூ வந்தது. பிசிபி, பாகங்கள், சுற்றிய ஃபெரைட் தண்டு எல்லாம் வரும், நாம் சால்டரிங் செய்ய வேண்டும். நுனி மெல்லிய அயர்ன், ஒரு பூதக்கண்ணாடி, அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும். ரெசிஸ்டர் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்துவிட்டு வையுங்கள், நிறக்கோட்டை நம்பவேண்டாம். பார்சல் சுங்கத்தில் சில வாரம் நின்றது. அனுப்புகிறவரிடம் முன்பே சொல்லி, உள்ளே இருப்பது என்ன, ஒலிபரப்பும் கருவி அல்ல, கேட்கும் கருவி மட்டுமே என்று இன்வாய்ஸில் விவரமாக எழுதச் சொன்னால் கேள்விகள் குறையும். தண்டுகளுக்கு மேல் செம்புத் தகடு ஒட்டி ஷீல்டு செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: தகடு முழு வட்டமாக மூடிவிடக் கூடாது, நீளவாட்டில் ஒரு இடைவெளி வேண்டும். மூடிவிட்டால் அதுவே ஷார்ட் ஆன ஒரு சுற்றாகி ஆண்டெனாவை ஊமையாக்கிவிடும்.

பெட்டி வேலை செய்ய ஆரம்பித்ததும் உண்மையான வேலை தொடங்கியது. மின்னல் தானாக வந்து விழும், அதற்கு நாம் ஒன்றும் செய்யவேண்டாம். மின்னல் மாதிரி வேஷம் போட்டு வருவதைப் பிடித்து வெளியே தள்ளுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முக்கால்வாசி.

முதல் சோதனை எளிது. வீட்டு மெயினை இறக்குங்கள். பெட்டியைப் பேட்டரியில் ஓட்டுங்கள். பவர் பேங்க் வேண்டாம், அதற்குள்ளேயும் ஸ்விட்சிங் சர்க்யூட் இருக்கிறது, அதுவே இரையும். சாதாரண பென்சில் செல் அடுக்கு, அல்லது சின்ன லெட் ஆசிட் பேட்டரி நல்லது. மெயின் இறங்கியதும் திரை அமைதியானால் குற்றவாளி வீட்டுக்குள். அமைதியாகவில்லை என்றால் தெருவில். வீட்டுக்குள் என்றால் ஸ்விட்ச் போர்டில் அறைவாரியாக இருக்கும் எம்சிபி ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அகப்பட்டவை: விலை குறைந்த எல்இடி பல்புகள் சில, இண்டக்‌ஷன் அடுப்பு, மொபைல் சார்ஜர், சுற்றிச் சுற்றி வேகம் கூட்டும் ஃபேன் ரெகுலேட்டர். பெட்டிக்கு என்று வந்த அடாப்டரே பெரிய இரைச்சல். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 5 வோல்ட் தரும் 7805 சிப் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுவோமே, அந்த சப்ளையைக் கட்டினேன். சூடாகும், ஹீட்சிங்க் போடவேண்டும். ஆனால் வாய் திறக்காது. ஃபேன் ரெகுலேட்டரை, ஒன்று இரண்டு மூன்று என்று படிப்படியாகத் திரும்பும் கண்டென்சர் வகைக்கு மாற்றியதும் அதுவும் அடங்கியது.

அலைவடிவத்தை உற்றுப் பார்க்கப் பழகினால் யார் என்று முகம் தெரியும். துடிப்புகள் சரியாக 10 மில்லி நொடிக்கு ஒன்றாக வந்தால் அது கரண்டோடு சம்பந்தப்பட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சம் தொடும். ரெகுலேட்டரோ, தெருக் கம்பத்தில் பீங்கானில் தூசி படிந்து பொறி விடுவதோ, இரண்டும் இந்தத் தாளத்தில்தான் வரும். கம்பம்தான் என்றால் ஒரு நல்ல மழை பெய்ததும் தூசி கழுவி இரைச்சல் குறையும், வெயில் காலத்தில் மறுபடி ஏறும். மிக்ஸியின் பிரஷ் மோட்டார் தாளமே இல்லாமல் புல் முளைத்த மாதிரி அடர்த்தியாகத் தெரியும். காலையில் சட்னி அரைப்பது எத்தனை மணிக்கு என்று என் வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கொசு அடிக்கும் மின்சார மட்டைதான் பெரிய வேஷக்காரன். ஒரே ஒரு கூர்மையான துடிப்பு, பார்ப்பதற்கு அசல் மின்னல். அறைக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவராதீர்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

தெருவில் ஒரு வெல்டிங் பட்டறை உண்டு. கேட் அடிக்கும் நாளில் என் வரைபடம் சிவந்துவிடும். அவரிடம் போய்ப் பேசினேன்.

"அண்ணாச்சி, சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் வேலை இருக்கும்?"

"ஆறு, ஆறரை. ஏன் தம்பி, உங்க பொட்டி மறுபடியும் கத்துதா?"

"கத்தட்டும். நேரம் தெரிஞ்சா நான் வரம்பை ஏத்தி வச்சுக்கிடுவேன், அதுக்குத்தான்."

அவர் வேலையை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை இல்லை, தேவையும் இல்லை. ஒருமுறை பட்டறைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து, தன் வெல்டிங் பொறி திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தார். அதன்பின் பெரிய வேலை வந்தால் முன்கூட்டியே ஒரு போன் வரும்.

புதிதாக வருபவர்கள் பெருக்கத்தை முழுக்க ஏற்றிவிடுகிறார்கள். அதிகம் கேட்டால் அதிகம் பயன் என்று கணக்கு. அங்கே சர்வர் பார்ப்பது வேறு. நாம் அனுப்பிய துடிப்புகளில் எத்தனை மற்ற நிலையங்கள் கேட்டதோடு பொருந்தி ஒரு மின்னலாக மாறின என்பதுதான் கணக்கு. நூறு அனுப்பி ஐந்து பொருந்துவதைவிட இருபது அனுப்பிப் பத்து பொருந்துவது மேல். அந்த விகிதத்தை நிலையப் பக்கத்தில் காட்டுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு பகல் ஒரு இரவு விட்டுப் பார்த்து, அப்புறம் அடுத்ததை மாற்றுங்கள். பகலையும் இரவையும் ஒப்பிடக் கூடாது. இரவில் தூரத்து மின்னல் குவியும், நாம் செய்த மாற்றத்தால்தான் நன்றாகிவிட்டது என்று தோன்றிவிடும்.

பராமரிப்பில் எதிரி வெயில். சித்திரை, வைகாசியில் மாடி அறை கொதிக்கும். அடாப்டர்களும் ரவுட்டரும்தான் முதலில் போகும், பெட்டி தாங்குகிறது. டப்பாவில் காற்றுக்கு விட்ட துளை வழியாக எறும்பு புகுந்தது. கொசுவலைத் துண்டை உள்பக்கம் ஒட்டியதும் நின்றது. ஜிபிஎஸ் வில்லைக்கு வானம் தெரிய வேண்டும். சன்ஷேடுக்கு அடியில் வைத்தால் சில சாட்டிலைட்டுகள் மறைந்து நேரம் ஆடும், நேரம் ஆடினால் நிலையம் இருந்தும் பயனில்லை. கேபிள் ஷீல்டு உள்ளதாக வாங்கி, ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் பூமிக்குக் கொடுங்கள். இரண்டு பக்கமும் கொடுத்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம் ஏறும். பவர் கட்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று இருந்துவிட முடியாது. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓடும்போது திரை முழுக்க அதன் ராஜ்ஜியம்தான். மழையும் பவர் கட்டும் சேர்ந்தே வருகிற ஊரில், மின்னல் அதிகமாக வெட்டும் நேரத்தில் பெட்டி செவிடாகிவிடும். அதனால் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் தனியாக 12 வோல்ட் பேட்டரி வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் முதல் பெரிய மழை வந்த மாலை, மொபைலில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். கழுகுமலைப் பக்கம் ஒரு வெட்டு. சில நொடியில் திரையில் புள்ளி விழுந்தது. அதிலிருந்து இடிச்சத்தம் பரவுவதைக் காட்டும் வட்டம் விரிந்தது. சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி எடுக்கும். வட்டத்தின் விளிம்பு எங்கள் தெருவைத் தொட்ட நேரமும் இடி உருண்ட நேரமும் ஒத்துப்போயின. அந்தப் புள்ளியைத் தொட்டால் எந்தெந்த நிலையங்கள் அதைக் கேட்டன என்று கோடுகள் வரும். அதில் ஒன்று எங்கள் மாடியிலிருந்து போனது.

இந்த மகிழ்ச்சியோடு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இது எச்சரிக்கைக் கருவி அல்ல, நெட்வொர்க்கே அப்படித்தான் சொல்கிறது. புள்ளி தூரத்தில் இருக்கிறது என்று நம்பி யாரும் காட்டில் நிற்கக் கூடாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னலால் 2,887 பேர் இறந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஆட்டுக் கிடை போடும் கீதாரிகளும், களை எடுக்கிற பெண்களும் ஒதுங்குவதற்கு ஒற்றைப் பனையோ வேப்பமரமோதான் இருக்கும். மின்னல் தேடிப் போவதும் அதைத்தான். உச்சி கருகி மொட்டையாக நிற்கும் பனைகளைக் கரிசலில் எந்தப் பக்கம் போனாலும் பார்க்கலாம். எச்சரிக்கைக்கு என்றால் புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தரும் தாமினி செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். இடி காதில் விழுந்துவிட்டால் செயலியைக்கூடப் பார்க்கவேண்டாம். கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டால் நானும் பெட்டியின் கேபிள்களைக் கழற்றிவிடுகிறேன். அந்த நேரத்துத் தரவு போனால் போகட்டும், பக்கத்து நிலையங்கள் பார்த்துக்கொள்ளும்.

யாராவது சேர விரும்பினால் ஊரைப் பொறுத்து யோசனை மாறும். ஈரோடு, தருமபுரி, விழுப்புரம் பக்கம் இருப்பவர்களுக்கு 18.2 இவ்வளவு தொல்லை தராது. வழக்கமான முறையில் தண்டுகளை வைத்து வீட்டு இரைச்சலை மட்டும் கவனித்தால் போதும். உங்கள் நிலையம் வந்தால் என் செவிட்டுத் திசையும் நிரம்பும். நாகர்கோவில், திருநெல்வேலி, திசையன்விளைக்காரர்கள் மட்டும் மரச்சட்ட லூப் சோதனையைச் செய்யாமல் கிட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். அங்கே அந்தக் கோடு எவ்வளவு தடிமன், எந்தத் திசையில் திருப்பினால் எவ்வளவு மங்குகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். மங்கவே இல்லை என்றால் ஏஎஸ்3935 போதும். 500 கிலோஹெர்ட்ஸில் கேட்பதால் விஜயநாராயணம் அதன் காதில் விழாது.